இருபதுக்கு இருபது வாங்கிய கை

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தேன். பின்னால் யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. என் பையில் இன்னும் பதினோரு வீட்டுக்கு மாத்திரை இருந்தது. வலது முட்டி வீங்கிக் கிடந்தது. வாயைத் திறந்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தது, மூடிக்கொண்டேன்.

என் பெயர் அர்ஃபா, பழவேற்காட்டுக்காரி. வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. தோணிரேவும் பக்கத்துக் குப்பங்களும் என் பொறுப்பு. வேலையில் சேர்ந்த புதிதில் எல்லாரையும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இப்போதெல்லாம் நான் போகிற நேரத்தில் ஆள் வீட்டில் இருந்தாலே போதும் என்று இருக்கிறது.

ராஜாத்தியக்கா வீட்டில் இருக்க மாட்டாள். ஏரியில் இருப்பாள். கையால் இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள், பல தலைமுறையாக. வலை கிடையாது, படகு கிடையாது. விடிந்தும் விடியாமலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். விரலில் இறால் படும். பட்ட நொடியில் அமுக்க வேண்டும், இல்லையென்றால் துள்ளிவிடும். பிடித்ததைப் போட ஓலைப் பறி, அதைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அதனால் ஏரியில் பேச்சே இருக்காது. பதின்மூன்று பெண்கள் கைக்குக் கை இடைவெளி விடாமல் ஒரே வரிசையாக நகர்வார்கள்.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. கை கெட்டிக்காரி ஆழத்தில் முதல் ஆளாக நிற்பாள், அங்கேதான் இறால் நிறைய. கை மந்தமானவள் கரையோரத்துக்கு நகர வேண்டும், அங்கே மிச்சம் மீதிதான். வயதாகிவிட்டது என்றோ பாவம் என்றோ யாருக்கும் சலுகை கிடையாது. ஒரு கை தூங்கினால் அந்த ஓட்டை வழியாக மொத்த வரிசையின் இறாலும் ஓடிவிடும். ராஜாத்தியக்கா பத்தொன்பது வருஷமாக முதல் ஆள். அவள் புருஷன் ராஜேந்திரன் மீஞ்சூரில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறான். வாரத்துக்கு ஒருநாள் ரயிலேறி வந்து தூங்கிவிட்டுப் போவான். வீட்டில் உலை கொதிப்பது அவள் கையால்தான்.

அந்தக் கைக்குச் சர்க்கரை. என் மிஷினில் முன்னூறுக்குக் கீழே ஒருநாளும் காட்டியதில்லை.

"மாத்திர போட்டியாக்கா?"

"மாத்திர போட்டா துன்னணும். துன்னுட்டு எப்பிடி குனியறது? நீ வந்து குனிஞ்சு காட்டு."

நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவேன்.

போன தைக்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். சென்னையில் ஏதோ ஒரு காலேஜ். டாக்டர் படிப்பையும் இன்ஜினீயர் படிப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறார்களாம். காலையில் ஆஸ்பத்திரி வார்டு, மத்தியானம் பட்டறை. நோயாளியையும் பார்க்க வேண்டும், அவருக்கு வேண்டிய கருவியையும் தானே செய்ய வேண்டும். விமல் என்று ஒரு பையன், பவித்ரா என்று ஒரு பெண். கெளுத்தி முள்ளும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க, கையால் இறால் பிடிக்கிறவர்களுக்கு ஒரு கையுறை செய்வது அவர்களுக்குக் கொடுத்த வேலை. ஊரைக் காட்ட ஆள் வேண்டுமே, என் தலையில் கட்டினார்கள்.

ராஜாத்தியக்கா விமலை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு படிப்பும் ஒண்ணா படிக்கிறியா? ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதையா ஆயிடப் போவுது, பாத்துக்க தம்பி."

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். நல்ல பையன்தான். எனக்குத்தான் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்த பிள்ளைகளாகத் தெரிந்தார்கள்.

கையுறை செய்வதற்கு முன்னால் கையில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டுமாம். அதற்கு ஒரு பிடியில் செருகிய நைலான் இழையைக் கொண்டுவந்திருந்தான். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவன் நம் கையில் அங்கங்கே இழையால் அழுத்துவான், பட்டால் "ம்" சொல்ல வேண்டும். மொத்தம் இருபது இடம்.

ராஜாத்தியக்கா முகம் சட்டென்று இறுகியதை நான் கவனித்தேன். அவளுக்கு மிஷின் என்றாலே பயம். ஏரித் தண்ணீரும் சேறும் அவள் விரல் ரேகையை எப்போதோ தின்றுவிட்டன. ரேஷன் கடையில் ரேகை விழாமல் மூன்று மாதம் அரிசி இல்லாமல் திரும்பியிருக்கிறாள். அளக்க வருகிற எதுவும் தன் பெயரை எங்கேயோ அடிக்கத்தான் வருகிறது என்பது அவள் முடிவு. இந்தப் பரீட்சையில் தோற்றால் செய்தி ஊருக்குள் போகும், வரிசைக்குப் போகும். அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள். இது பாஸ் பெயில் இல்லை, வைத்தியம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கண்ணை மூடினாள். விமல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முறை அழுத்தக் குனியும்போதும் ஸ்டூல் "கிரீச்" என்றது. கிரீச், "ம்". கிரீச், "ம்". வாழ்நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாததைப் பிடித்தவளுக்கு இது ஒரு வேலையா? நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது முறை பையன் குனிந்தவன் அழுத்தாமல், கண்ணில் இறங்கிய வியர்வையைத் துடைத்தான்.

"ம்," என்றாள் ராஜாத்தியக்கா.

"அக்கா, இன்னும் தொடலியே!"

ஒரு கணம்தான். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "காத்து பட்டுச்சு தம்பி. எங்களுக்கு காத்து பட்டாலே தெரியும்."

பையன் வாயைப் பிளந்தான். பவித்ரா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். இருபதுக்கு இருபது. அவர்கள் காலேஜில் யாருக்குமே இப்படி வந்ததில்லையாம். பட்டணத்துக்காரர்களிடம் இது ஒரு கோளாறு. ஒன்று, நம்மை ஒன்றும் தெரியாதவர்கள் என்பார்கள். இல்லையென்றால் தூக்கிச் சாமி மாடத்தில் வைப்பார்கள். இரண்டிலும் ஆளைப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன், என்ன பிரயோஜனம்? பதினோரு வீடு பாக்கி என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த மாதம் கையுறையோடு வந்தார்கள். மெல்லிய ரப்பர். விரல் நுனியில் ஒரு சின்னத் தகடு, இறால் பட்டால் அதற்குத் தெரியும். உடனே விரலின் முதுகுப் பக்கம் இன்னொரு தகடு அதிரும். எவ்வளவு அதிர்ந்தால் போதும் என்று முடிவு செய்ய ராஜாத்தியக்கா கையைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். பவித்ரா லேப்டாப்பில் பொத்தானைத் தட்டித் தட்டி அதிர்வைக் குறைத்துக்கொண்டே போனாள். டக், "ம்". டக், "ம்". ராஜாத்தியக்காவுக்குத் தட்டுகிற சத்தம் கேட்கிறது, பவித்ராவுக்குச் சந்தோஷம். அதிர்வு குறைந்தால் பேட்டரி நிறைய நாள் வருமாம்.

விமல் ஒருமுறை தன் கையில் மாட்டிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா," என்று என்னிடம் சொன்னான். பிறகு அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். "நாங்க பேனா புடிக்கிற கை. அவங்க கை வேற."

யா அல்லா! படித்த பிள்ளை, தன் கையை நம்பவில்லை. ஒரு கையுறை தானே, என்ன ஆகிவிடும் என்று அன்றைக்கும் நான் சும்மா இருந்தேன்.

பங்குனியில் பதின்மூன்று பேருக்கும் கையுறை கொடுத்தார்கள். ஏரிக்கரையில் வரிசையாக உட்கார வைத்து, மாட்டிவிட்டு, பவித்ரா ஒவ்வொருத்தர் விரல் நுனியையும் தொட்டாள். "அதிருது தெரியுதாக்கா?" முதலில் ராஜாத்தியக்கா. "ம்." அடுத்து காவியா, வரிசையில் இரண்டாவது நிற்கிற சின்னப் பெண். தன் கையைப் பார்த்தாள், ராஜாத்தியக்கா முகத்தைப் பார்த்தாள். "தெரியுது." அடுத்தவள், "தெரியுது." அதற்கடுத்தவள், "ம்ம், நல்லா தெரியுதே." கடைசி வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்தது. கையுறையோடு ஏரியில் இறங்கினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஏறியபோது பறிகளில் அடி மறையவில்லை. "இன்னிக்கு தண்ணி சரியில்ல," என்றாள் ஒருத்தி. "வாடக்காத்து," என்றாள் இன்னொருத்தி. பங்குனியில் வாடைக்காற்று! விமலும் பவித்ராவும் அதையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

இரண்டு நாள் கழித்து காவியா என் வீட்டுக்கே வந்தாள். தோணிரேவிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். வாசலை விட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அர்ஃபாக்கா, என் கை செத்துப்போச்சு. அந்த கையுற அதிர்றது எனக்கு தெரியவே இல்ல. ராஜாத்தியக்காவுக்கு தெரியுது, இவளுகளுக்கெல்லாம் தெரியுது. எனக்கு மட்டும்தான் தெரியல. யாருகிட்டயும் சொல்லிடாதக்கா."

"வெறுங்கையில இறால் படறது தெரியுதா?"

"தெரியற மாரிதான் இருந்துச்சு. இப்ப அதுவும் சந்தேகமா கீது. பயத்துல விரலே வேல செய்யல."

அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் மாத்திரை கொடுக்கப் போன இடத்தில் இன்னொருத்தி என்னைச் சமையல் கட்டுக்குள் இழுத்தாள். அதே பேச்சு. "என் கை செத்துப்போச்சு, யாருகிட்டயும் சொல்லிடாத." அதற்கு மறுநாள் மூன்று பேர், தனித்தனியாக. ஒருத்தி தன் நைனாவுக்குக் கடைசிக் காலத்தில் கால் மரத்துப்போனதைச் சொல்லி, அதே வியாதிதான் தனக்கும் என்றாள். ஒருத்தி ஏரிக்குப் போவதையே நிறுத்திவிட்டு, ஆரம்பாக்கம் பக்கம் வயல் வேலைக்கு பஸ் ஏறினாள். வாரம் முடிவதற்குள் பன்னிரண்டு பேரும் என்னிடம் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே ரகசியம், ஒருத்திக்கும் அடுத்தவள் ரகசியம் தெரியாது. அத்தனையும் என் வயிற்றில். அலுத்துப்போய் வாயை மூடியதற்கு இப்படி ஒரு தண்டனையா?

அன்று சாயங்காலம் ராஜாத்தியக்கா வீட்டுக்குப் போனேன். சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கிற பானையின் விளிம்பைத் துணி இல்லாமல் வெறும் விரலால் பிடித்து நிமிர்த்தினாள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"எத்தினி நாளா இப்பிடி?" என்று கேட்டேன்.

அவள் பானையை இறக்கி வைத்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள், கொப்புளம் எழுந்துகொண்டிருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருசம். கட்ட விரலும் பக்கத்து ரெண்டும். மீதி சுமாரா கீது."

"அப்ப எப்பிடி புடிக்கிற?"

"தண்ணி நவுர்றது மணிக்கட்டுல தெரியும். மோப்பத்துல போறேன்னு வெச்சுக்கயேன். பாதி வுட்டுடறேன். காவியா பக்கத்துல நிக்கிறாளே, நான் வுட்டத அவ புடிச்சிடறா. தான் கெட்டிக்காரி ஆயிட்டதா நெனச்சிக்கினு கீறா, பாவம்."

"அந்தப் பொண்ணு இன்னிக்கு தன் கை செத்துட்டதா நெனச்சு அழறாக்கா. பன்னெண்டு பேரும் அழறாளுங்க. உன் கைய வெச்சு அளந்த கையுற எவளுக்கு அதிரும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன், பாதிக் கோபம் என் மேல். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா ஓரத்துக்கு போவணும், அர்ஃபா."

"தெரியும்."

"ஓரத்துல இன்னா கெடைக்கும்னு உனக்கு தெரியாது."

"தெரியாது. ஆனா நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

"வூடு தேடி வந்து குடி கெடுக்கறியே, நல்லாருப்பியா நீ?" என்றாள். பிறகு ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் தள்ளினாள். சாப்பிட்டேன்.

அடுத்த முறை விமலும் பவித்ராவும் வந்தபோது பதின்மூன்று பேரும் கரையில் இருந்தார்கள். வயலுக்குப் போனவளையும் நான் வரச்சொல்லியிருந்தேன். விமல் ஸ்டூலைப் போட்டான். ராஜாத்தியக்கா போய் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள்.

"தம்பி, அந்த ஸ்டூலு கத்துது. நீ குனிஞ்சா கத்துது. அத கேட்டுத்தான் ம் சொன்னேன். அந்தப் பொண்ணு பொத்தான் தட்டறதும் எனக்கு கேக்கும். என் மூணு விரலு செத்து ரெண்டு வருசம் ஆச்சு." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். "உங்க கைக்கு ஒண்ணும் இல்லடி. உங்க எல்லாருக்கும் நல்ல கை. போய் பொழப்ப பாருங்க."

காவியா தன் கையையே விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஒருத்தி, "அடிப்பாவி!" என்றாள், கோபத்திலா நிம்மதியிலா தெரியவில்லை. விமல் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று மாத வேலை அது.

"நீங்க இத அன்னிக்கே பார்த்தீங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டான்.

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் உன் கைய நம்பல?"

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ராஜாத்தியக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தான். வலது கையில் மூன்று விரல் முழுக்கப் போய்விட்டது, இடது கையில் இரண்டு போய்க்கொண்டிருந்தது. போனது திரும்பி வருவது கஷ்டம், சர்க்கரையை அடக்கினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றான். சிப்பி கிழித்தால் தெரியாது, புண் தெரியாமல் முற்றினால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னான்.

"நாளைக்கு எறங்கலாமா, எறங்கக் கூடாதா? அத சொல்லு."

"எறங்காதீங்கக்கா."

"டாக்டரு சொல்லிட்டாரு. இன்ஜினீரு இன்னா சொல்றாரு?"

அவன் பவித்ராவைப் பார்த்தான், அவள் லேப்டாப்பை மூடிவிட்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வா. நான் அதுவரைக்கும் எறங்கறேன்," என்றாள் ராஜாத்தியக்கா.

அவன் வந்தான், நான்காம் நாளே. கருவி எதுவும் கொண்டுவரவில்லை. பெண்களை உட்கார வைத்து ஒன்றே ஒன்று கேட்டான். தடவிக்கொண்டு போகும்போது அவ்வப்போது வரிசையே நின்று, எல்லாரும் கையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பார்க்க முடியுமா? ராஜாத்தியக்கா மட்டும் இல்லை, எல்லாரும். ரத்தம் இருந்தால் அவர்கள் உடனே கரையேற வேண்டும். அவ்வளவுதான்.

"இதுக்கா தம்பி ரெண்டு படிப்பு?" என்று கேட்டேன்.

"இதுக்கு மார்க் இல்லக்கா. எங்க காலேஜ் பூபதி சார் கருவி எங்கன்னு கேட்டாரு. அடுத்த வருஷம் அந்த பேப்பர மறுபடி எழுதணும்." அவன் குரலில் சிரிப்பு இல்லை, வருத்தமும் இல்லை. என்னைப் போலவே அலுத்துப்போயிருந்தான். இந்த வயதிலேயே.

மறுநாள் விடியற்காலையில் நானும் அவனும் கரையில் நின்றோம். ஆழத்தில் முதல் ஆளாகக் காவியா இறங்கினாள். அந்த இடத்தில் கொஞ்ச நேரமாவது யாரும் நிற்காமல் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லை, இடைவெளி விடக் கூடாது, ராஜாத்தியக்கா கற்றுக்கொடுத்ததுதான் அது. அவள் எங்களுக்குப் பத்தடி தூரத்தில், கரையோரத்தில், முழங்கால் தண்ணீரில் குனிந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை. பறியைப் பல்லில் கடித்திருந்ததால் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வரிசை நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குப் பக்கத்தில் தடவிக்கொண்டிருந்தவள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கை!" என்று கத்தினாள்.

பதின்மூன்று பேரும் நிமிர்ந்து கையைத் தூக்கினார்கள். பன்னிரண்டு பேர் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ராஜாத்தியக்கா தன் கையைப் பார்க்கவில்லை. இரண்டையும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அப்படியே இருந்தால் மறுபடி குனியலாம்.

அந்த முகம் மாறியது.